ரங்கையாவும் கோவிந்துவும்: மலைச்செடிகளைக் கல்லச்சுக்குக் கொண்டுவந்த இரு ஓவியர்கள்

தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய அறிவியல் நூல்களைப் புரட்டினால், செடியின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘வைட், ஐக்.’ என்றொரு சுருக்கமும் அதையடுத்து ஓர் எண்ணும் அடிக்கடி வரும். 1838 முதல் 1853 வரை மதராஸில் அச்சாகி ஆறு தொகுதிகளாக வந்த ‘ஐகோனஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்’ என்ற நூலின் பட எண் அது. மொத்தம் 2101 படங்கள். நூலின் முகப்பில் இருப்பது ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயர். படங்களின் அடியோரத்தில், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில், வேறு இரு பெயர்கள் இருக்கின்றன: ரங்கையா, கோவிந்து.

நம் ஊரின் அச்சோவிய வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் மதராஸில் நிறுவிய கலைப் பள்ளியிலிருந்து தொடங்குவார்கள். அங்கிருந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் லலித் கலா அகாதெமியின் சென்னைக் கூடத்துக்கும் வந்து சேருவார்கள். எனக்கு அந்தத் தொடக்கம் போதவில்லை. கலைப் பள்ளி திறப்பதற்கு முன்பே, இந்த மண்ணின் மரஞ்செடிகளை நாள்தோறும் உற்றுப் பார்த்து, வரைந்து, அச்சுக்கல்லுக்கு அனுப்புவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட இருவர் மதராஸ் மாகாணத்தில் இருந்தார்கள். அந்த வரலாறு அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதைச் சொல்லப் பழனி மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

வத்தலக்குண்டில் நின்று வடமேற்கே பார்த்தால் அந்த மலைத்தொடர் ஊருக்கு மேல் எழுந்து நிற்கும். ராஜம் ஐயரையும் பி.எஸ். ராமையாவையும் சி.சு. செல்லப்பாவையும் தமிழ் அச்சுலகத்துக்குத் தந்த ஊர் இது. சுப்பிரமணிய சிவாவின் ஊரும் இதுவே. இங்கிருந்து கொடைக்கானலுக்குப் பேருந்தில் ஏறுகிறவர் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தில் ஏறக்குறைய 1800 மீட்டர் உயர்கிறார். கீழே தென்னையும் வாழையும் புளியும் இருக்கும். மலையடிவாரத்தில் முள்மரங்களும் வறண்ட காடும் வரும். டம்டம் பாறையைத் தாண்டி ஊத்து, பண்ணைக்காட்டுப் பிரிவு, பெருமாள்மலை என்று போகப்போக காபியும் மலைவாழையும் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கும் தென்படும். வெள்ளி அருவிக்கும் செண்பகனூருக்கும் மேலே, மடிப்புகளில் சோலைக்காடும் முகடுகளில் புல்வெளியுமாக இந்த மலை ஒரு காலத்தில் இருந்தது. பழனி மலைத்தொடரின் மொத்தப் பரப்பு 2068 சதுர கிலோமீட்டர். இவ்வளவு சிறிய பரப்புக்குள் இத்தனை வகைக் காடுகள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதுதான் தாவரம் தேடுபவர்களை இங்கே இழுத்தது.

பேருந்து ஏறும் அந்தச் சாலை வந்தது 1914ஆம் ஆண்டு வாக்கில்தான். அதற்கு முன் மலையேறியவர்கள் நடந்தும் குதிரையிலும் டோலியிலும் போனார்கள். 1821ல் பி.எஸ். வார்டு என்ற நில அளவையாளர் இந்த மலையை அளந்தார். 1834ல் மதுரை துணை ஆட்சியர் ராட்டனும் வருவாய் வாரியத்தைச் சேர்ந்த காட்டனும் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி, செண்பகனூருக்கு அருகே ஒரு சிறு பங்களா கட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1836ல், வைட் வந்தார். பார்த்ததையெல்லாம் மறு ஆண்டு ‘மதராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டியது 1845ல். அதாவது, இந்த மலை கோடைவாசத்தலம் ஆவதற்கு முன்பே தாவர நூலில் ஏறிவிட்டது. ‘ஐகோனஸ்’ படங்களுக்கான குறிப்புகளில் ‘புல்னி மலை’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

வைட்டின் வாழ்க்கையைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் ஓவியர்களிடம் போக முடியாது. 1796ல் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியனில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1819ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இந்தியாவுக்கு வந்தார். 1826ல் மதராஸ் அரசின் இயற்கையியலாளர் பதவி கிடைத்தது. இரண்டே ஆண்டில் செலவு மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். நாகப்பட்டினத்துக்குப் படைமருத்துவராகப் போனார். 1831ல் விடுப்பில் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுபோன உலர்செடிகள் ஒரு லட்சம். எடை இரண்டு டன். மூன்று ஆண்டு விடுப்பை ஓய்வாகக் கழிக்காமல், வாக்கர்-ஆர்னட் என்ற தாவரவியலாளருடன் சேர்ந்து தீபகற்ப இந்தியாவின் தாவரங்களுக்கு முறையான ஒரு நூலை எழுதி 1834ல் வெளியிட்டார். திரும்பி வந்ததும் கம்பெனி அவரை வருவாய்த் துறைக்கு மாற்றியது. பருத்தி, புகையிலை, நிலவாகை என்று லாபம் தரக்கூடிய பயிர்களை ஆராய்வது வேலை. பின்னாளில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்கும் சோதனைக்குப் பொறுப்பேற்று, 1853ல் ஓய்வு பெறும்வரை அதிலேயே இருந்தார். படங்கள் வெளியிட்டதெல்லாம் இந்த உத்தியோகத்துக்கு இடையில். முதல் தொகுதிகளின் முகப்பில் ‘ஆசிரியருக்காக ஜே.பி. ஃபரோ’ என்று இருக்கும். நூலின் சுமை ஆசிரியர் தோளில் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

ரங்கையா 1820களின் பிற்பாதியிலிருந்து அவருக்காக வரைந்தார். ஏறக்குறைய 1845 வரை அவர் கை தெரிகிறது. அதன் பிறகு கோவிந்து. இருவரைப் பற்றியும் ஆவணங்களில் இருப்பது மிகச் சொற்பம். தஞ்சாவூர் ஓவிய மரபில் வந்த, தெலுங்கு பேசும் ராஜு குடியினர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் தஞ்சையில் நிலைகொண்ட குடி அது. அந்தப் பின்புலத்தை வெறும் சாதிக் குறிப்பாகக் கடந்துவிடக் கூடாது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆண்டார். அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்தவர்; பறவைகளையும் செடிகளையும், கண்நோய் கண்டவர்களின் கண்களையும்கூட ஓவியர்களைக் கொண்டு வரைய வைத்தவர். தெய்வப் படத்தில் தங்க ரேக்கை ஒட்டிக் கல் பதித்த அதே கைகள், இயற்கையை உள்ளது உள்ளபடி எழுதும் வேலைக்கும் அந்தச் சூழலில் பழகிக்கொண்டிருந்தன. ரங்கையா போன்ற ஒருவர் ஒரு துரையின் கட்டளையால் திடீரென்று உருவாகிவிடவில்லை. மெல்லிய தூரிகைக் கோட்டை நடுங்காமல் இழுப்பது, ஒரு வடிவத்துக்குள் எதை விடுவது எதை வைப்பது என்று முடிவுசெய்வது, ஒரே உருவத்தைப் பத்து முறை அலுக்காமல் வரைவது: இவ்வளவும் குடும்பத்தில் கைமாறி வந்த தேர்ச்சி.

ஆனால் தாவரப் படம் இன்னொன்றையும் கேட்டது. தாளின் நடுவில் ஒரு கிளை, இலை, பூ, காய் என்று உயிரோடு நிற்க வேண்டும். அதைச் சுற்றியோ அடியிலோ பூவை அறுத்துப் பிரித்த உறுப்புகள் எண்ணிட்டு வரும்: விரித்த அல்லி, மகரந்தப் பை, சூலகத்தின் குறுக்கு வெட்டு, விதை, விதைக்குள் இருக்கும் முளை. இவற்றில் பலவற்றை உருப்பெருக்கியில் பார்த்துத்தான் வரைய முடியும். ஒரு செடியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்தச் சிறு உறுப்புகள்தாம். சூலகத்தில் இரண்டு அறையா மூன்று அறையா என்பதில் ஓவியர் தவறினால், செடி வேறு குடும்பத்துக்குப் போய்விடும். உறுப்புகளை அறுப்பதிலும் அடையாளம் சொல்வதிலும் தாவரவியலாளரின் பங்கு இருந்திருக்கும். அதைத் தாளில் நிலைநிறுத்தியது ஓவியரின் கண். ரங்கையாவின் படங்கள் சில, வைட் நாகப்பட்டினத்தில் இருந்த காலத்திலேயே கிளாஸ்கோவுக்குப் போய், வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் நடத்திய ‘பொட்டானிக்கல் மிஸலனி’யில் வெளியாயின. ஐரோப்பாவின் முன்னணித் தாவர ஓவியங்களைக் கையாண்ட ஓர் ஆசிரியர் அவற்றை ஏற்றார் என்பதே அவற்றின் தரத்துக்குச் சான்று.

அதுவரை தென்னிந்தியச் செடிகள் அச்சில் வந்த கதை வேறு மாதிரி. பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ பன்னிரண்டு தொகுதிகளும் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு அச்சாயின. சாமல்கோட்டையில் இருந்த ராக்ஸ்பரோவின் ‘கோரமண்டல் கரைச் செடிகள்’ 1795ல் தொடங்கி 1820ல் முடிந்தது. லண்டனில் செதுக்கி, கையால் வண்ணம் தீட்டிய 300 படங்கள். அழகில் அவற்றுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் மூலத்தை வரைந்த இந்திய ஓவியர் யார் என்று அந்தப் படங்களில் இல்லை. செடியும் ஓவியமும் கப்பலேறிப் போகும். செதுக்குபவர் அந்தச் செடியைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். புத்தகமாகத் திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும். விலையும் அரசர்களும் கம்பெனி இயக்குநர்களும் வாங்கும் விலை.

வைட் இந்தச் சங்கிலியை மதராஸிலேயே முடித்துக்கொண்டார். அதற்கு வழி தந்தது கல்லச்சு, சிவகாசிக்காரர்கள் இன்றும் ‘லித்தோ’ என்று சொல்லும் முறையின் மூல வடிவம். 1790களின் இறுதியில் ஜெர்மனியின் முனிக் நகரில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கும் தொழில் இது. நுண்ணிய சுண்ணாம்புக் கல்லை வழுவழுப்பாகத் தேய்த்து, கொழுப்பும் மெழுகும் சோப்பும் புகைக்கரியும் கலந்த குச்சியாலோ மையாலோ அதன்மேல் வரைவார்கள். பிறகு வேலம்பிசினும் சிறிது அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால், வரைந்த இடம் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். வரையாத இடம் நீரைப் பிடித்துக்கொள்ளும். கல்லை ஈரப்படுத்தி, உருளையால் அச்சுமையை ஓட்டினால், மை கோட்டில் மட்டும் ஏறும். தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம் தயார். ஒவ்வொரு படிக்கும் கல்லை மறுபடி ஈரப்படுத்தி மையேற்ற வேண்டும். அச்சு முடிந்ததும் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு அதே கல்லில் அடுத்த படம். செப்புத் தகட்டில் உளியால் வாரக்கணக்கில் கீறுவதோடு ஒப்பிட்டால் செலவும் நேரமும் எவ்வளவோ குறைவு. அதைவிட முக்கியம், ஓவியரின் கோடு செதுக்குபவரின் கைவழியே மாறிப்போகாமல் ஏறக்குறைய அப்படியே தாளுக்கு வந்தது.

இதில் ஒரு நுட்பச் சிக்கல் உண்டு. கல்லில் நேராக வரைந்தால் தாளில் இடவலம் மாறிப் பதியும். மனித முகத்துக்கு அது பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். கொடிக்கு அது பிழை. வள்ளிக்கிழங்கு இனத்தில் கொடி எந்தப் பக்கமாகச் சுற்றி ஏறுகிறது என்பதை வைத்தே வகை பிரிப்பார்கள். ஆகவே ஒன்று, கல்லில் இடவலம் மாற்றி எண்ணி வரைய வேண்டும். அல்லது பசை தடவிய மாற்றுத்தாளில் கொழுப்பு மையால் நேராக வரைந்து, அதைக் கல்லில் கவிழ்த்து அழுத்தி ஏற்ற வேண்டும். எந்த வழியானாலும், கோடு போடும்போதே அச்சு எப்படி விழும் என்று கணக்கிடுகிற மனம் வேண்டும். அச்சோவியருக்கும் வெறும் ஓவியருக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்தவர்கள்தானே, அச்சிட்டவர்கள் வேறு ஆட்கள் இல்லையா? உண்மை. பல படங்களின் அடியில் ஒரு பக்கம் ‘கோவிந்து, டெல்.’ என்றும், மறுபக்கம் ‘டம்ஃபி, லித்.’ என்றும் இருக்கும். முன்னது வரைந்தவர், பின்னது கல்லில் ஏற்றியவர். ஆனால் இதே அளவுகோலை ஜப்பானுக்குக் கொண்டுபோனால் ஹொகுசாயையும் ஹிரோஷிகேயையும் அச்சோவியர் வரிசையிலிருந்து நீக்க நேரிடும். அங்கும் ஓவியர் வரைவார், செதுக்குபவர் மரப்பலகையைச் செதுக்குவார், அச்சிடுபவர் மையேற்றி எடுப்பார், பதிப்பாளர் முதல் போடுவார். உலகம் அந்தப் படங்களை ஓவியரின் பெயரால் அறிகிறது. மதராஸில் மட்டும் முதல் போட்டவரின் பெயரால் அறிவது ஏன்? அடிமைப்பட்ட நாட்டின் கணக்கு அது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அவர்கள் செய்த வேலையின் அளவைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். 15 ஆண்டுகளில் 2101 படங்கள் என்றால் ஆண்டுக்கு 140, மாதத்துக்குப் பன்னிரண்டு. ராக்ஸ்பரோவின் 300 படங்கள் வெளிவர 25 ஆண்டுகள் ஆயின. ‘ஐகோனஸ்’ மட்டுமே வேலையாக இருந்ததும் இல்லை. கையால் வண்ணம் தீட்டிய ‘இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இண்டியன் பாட்டனி’யும், நீலகிரிச் செடிகளுக்கான ‘ஸ்பிசிலீஜியம் நீல்கெரென்ஸ்’ நூலும் அதே காலத்தில் வந்தன. இந்த வேகத்தின் தடம் படங்களில் தெரியாமல் இல்லை. சில படங்கள் உலர்செடியைப் பார்த்து வரைந்தவை என்பது இலை படிந்து கிடக்கும் விதத்திலேயே புரிந்துவிடும். சில வெறும் கோட்டுச் சட்டகங்கள். ஆனால் புதுச்செடியைக் கையில் வைத்து வரைந்தவற்றில், இலையின் புரளலும் மொட்டின் கனமும் ஒற்றைக் கருங்கோட்டிலேயே வந்துவிடுகின்றன. என் கண்ணுக்கு ரங்கையாவின் கோடு அடக்கமானது. செடியைத் தாளில் ஒழுங்காக நிறுத்திவைக்கும். கோவிந்து இன்னும் துணிந்தவர். பெரிய இலையைத் தாளின் ஓரத்தில் வெட்டிவிடத் தயங்க மாட்டார். பூங்கொத்தின் அடர்த்தியை நெருக்கமான கோடுகளால் எழுப்பிவிடுவார்.

வைட் தன் ஓவியர்களின் திறமையை அறியாதவர் இல்லை. 1853ல் வந்த ஆறாம் தொகுதியில் ஒரு தரை ஆர்க்கிட் செடியைப் புதுப் பேரினமாகக் கருதி, அதற்குத் தன் ஓவியரின் பெயரால் ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். ஆளுநர்களும் தளபதிகளும் லண்டன் பிரபுக்களும் செடிப்பெயர்களில் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், சம்பளத்துக்கு வரைந்த ஓர் இந்திய ஓவியருக்கு இது பெரிய மரியாதை. அந்த மரியாதை நிலைக்கவில்லை. அதே பேரினத்துக்கு ஜான் லிண்ட்லி 1833லேயே ‘டிராபிடியா’ என்று பெயர் வைத்திருந்தார். முந்தி வைத்த பெயரே செல்லும் என்பது தாவரப் பெயரிடலின் விதி. ஆகவே கோவிந்துவின் பெயர் இன்று செல்லாத பெயர்களின் பட்டியலில் இருக்கிறது. விதியில் குறையில்லை. ஆனால் அந்தப் பெயர் இருந்தது என்ற செய்திகூடத் தமிழில் தாவரவியல் படிக்கும் மாணவருக்குச் சொல்லப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

வைட் ஊருக்குப் போன பிறகு இந்த வேலை அறுந்துபோகவில்லை. 1856ல் மதராஸின் காடுகளுக்குப் பொறுப்பேற்ற ஹ்யூ கிளெக்ஹார்னுக்கும் கோவிந்து வரைந்தார். கிளெக்ஹார்ன் ஹண்டரின் கலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டும் செடிகளை வரைய வைத்தார். எனவே கலைப் பள்ளியின் தொடக்க காலப் பயிற்சியிலேயே செடிப்படம் இருந்தது. அந்த மரபு அதற்கு முன்பே மதராஸில் கால் ஊன்றியிருந்தது. 1857ல் ஹென்றி ஸ்மித், ஓவியரின் கையையே தவிர்த்து, பதப்படுத்தாத செடிகளிலிருந்து நேரடியாக எடுத்த ‘இயற்கை அச்சு’ மாதிரிகளை மதராஸிலிருந்து வெளியிட்டார். இலையின் நரம்பு ஒன்றுவிடாமல் தாளில் பதியும் முறை அது. ஆனால் பூவின் உள்ளறையை அது காட்டாது. அடுத்து ரிச்சர்டு ஹென்றி பெடோம். பழனி மலையின் தாவரங்களைப் பற்றி 1858ல் எழுதியவர். 1869 முதல் வெளிவந்த அவருடைய ‘ஃப்ளோரா சில்வாட்டிகா’ தென்னிந்திய மரங்களுக்கென்றே அமைந்த படநூல்.

பழனி மலையிலேயே தங்கி வரைந்தவர் என்றால் செண்பகனூரின் லூயி ஆங்க்லாட் பாதிரியாரைச் சொல்ல வேண்டும். 1895ல் தொடங்கிய இயேசு சபையினரின் திருஇருதயக் கல்லூரியில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர், 1953ல் மறைந்தார். சுற்றுவட்டாரச் செடிகளை நீர்வண்ணத்தில் ஏறக்குறைய 2000 படங்களாக வரைந்து வைத்தார். திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே.எம். மத்தேயு 1990களில் பழனி மலைத் தாவரங்களுக்குப் படநூலும், 1999ல் மூன்று தொகுதிகளில் முழு விவர நூலும் கொண்டுவந்தார். 1836ல் தொடங்கிய வரிசை 163 ஆண்டுகள் கழித்து இப்படி ஒரு முழுமைக்கு வந்தது.

இயற்கையைப் பார்த்து அச்சுக்கலையில் உலகப் புகழ் பெற்ற தென்னிந்தியர் ஒருவரும் உண்டு. சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் 1925ல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி சாந்திநிகேதனில் படித்தார். நாடு விடுதலை பெற்ற ஆண்டுகளில் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தார். பிறகு லண்டன் வழியாகப் பாரீஸ் சேர்ந்து, ஹேட்டர் நடத்திய ‘அட்லியே 17’ கூடத்தில் உலோகத் தகட்டைச் சிற்பம்போலப் பல ஆழங்களில் குடையக் கற்றார். ஒரே தகட்டில், ஒரே அழுத்தத்தில், பல வண்ணங்களை எடுக்கும் முறையை அங்கே சக கலைஞர் கைகோ மோதியுடன் சேர்ந்து வளர்த்தெடுத்தார். மையில் ஆளி விதை எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் பிசுபிசுப்பை மாற்றினால், எண்ணெய் மிகுந்த மை ஏறிய இடத்தை இறுகிய மை தொடாது. கடினமான உருளை தகட்டின் மேட்டை மட்டும் தொடும். மென்மையான உருளை பள்ளத்துக்குள் இறங்கும். பூச்சி, மீன், அலை, சுழல் என்று அவருடைய புகழ்பெற்ற தகடுகள் இயற்கையின் இயக்கத்தையே பிடித்தன. 1972ல் பத்மஸ்ரீ, 2018ல் நியூயார்க்கில் மறைவு. அவருக்குக் கிடைத்த இடம் நியாயமானது. அந்த இடத்துக்கு முன்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட முன்கதை நம் பக்கத்தில் இருந்தது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுபடி ரங்கையா, கோவிந்துவிடம் வருவோம். அவர்களின் படங்கள் அருங்காட்சியகப் பொருள் மட்டும் அல்ல. தாவரப் பெயரிடல் விதிகளின்படி, மூல உலர்செடி கிடைக்காத பழைய பெயர்களுக்கு, அச்சான படமே அந்தப் பெயரின் ஆதாரமாக நிற்கலாம். செடி எது என்று சந்தேகம் வந்தால் இன்றும் ஆய்வாளர்கள் அந்தக் கோடுகளிடம்தான் போகிறார்கள். மலை மாறிப்போனதால் இந்தப் படங்களின் தேவை கூடியிருக்கிறது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் கூழுக்காகவும் நட்ட வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் முகடுகளை மூடின. பழனி மலையின் புல்வெளிகள் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்த ஆய்வு 2018ல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியானது. அதே 2018ல் இங்கே குறிஞ்சி பூத்தது. பார்க்க வந்த கூட்டத்தில் பலருக்கு அது ஒரு புல்வெளிச் செடி என்பதும், புல்வெளி போனால் அதுவும் போகும் என்பதும் தெரியாது. 2013ல் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. மலைக்கு எதைத் திருப்பித் தர வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடும்போது, வாட்டில் வருவதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று காட்டும் சாட்சியங்களில் ரங்கையா, கோவிந்து படங்களும் அடங்கும்.

மூல ஓவியங்களில் 700க்கு மேற்பட்டவை எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. மற்றவை கியூ தாவரவியல் பூங்காவிலும் லண்டனின் பிற இடங்களிலும். ஹென்றி நோல்டி என்ற தாவரவியலாளர் அவற்றை வரிசைப்படுத்தி, வைட் போன இடங்களுக்கெல்லாம் தானும் வந்து தேடி, 2007ல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். நூலின் தலைப்பிலேயே வைட்டின் பெயரோடு ரங்கையா, கோவிந்து பெயர்களையும் சேர்த்தார். இன்று இவ்விருவரைப் பற்றி உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அந்த உழைப்பால் வந்தது. ‘ஐகோனஸ்’ ஆறு தொகுதிகளும் பல்லுயிரிய மரபு நூலகத்தின் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிப்புரிமைத் தடை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்து அச்சிடலாம்.

எனவே இதைச் செய்யக்கூடியவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொடைக்கானல் வனத்துறை சோலைப் பாதைகளிலும் பூங்காக்களிலும் மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கும்போது, கிடைக்கிற இடத்தில் இந்தக் கல்லச்சுப் படத்தையும், செடிக்கு மலைமக்கள் வழங்கும் பெயரையும், வரைந்தவரின் பெயரையும் சேர்த்துப் போடட்டும். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் அச்சுக்கலைப் பாடத்தில் இந்த இருவருக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கட்டும். வத்தலக்குண்டு, பெரியகுளம், பழனி வட்டாரப் பள்ளிகளின் தாவரவியல் ஆசிரியர்கள், மாணவர்களைத் தங்கள் ஊர்ச் செடி ஒன்றை இணையத்தில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யட்டும். அதற்கு ஒரு கைபேசியும் ஒரு கை உருப்பெருக்கியும் போதும்.